கென்னத் ஆண்டர்சன்

கென்னத் ஆண்டர்சன் (மார்ச் 8, 1910 - ஆகஸ்ட் 30, 1974) ஒரு வேட்டைக்காரரும் எழுத்தாளரும் ஆவார். தென்னிந்தியக் காடுகளில் மனிதரைக் கொன்று தின்ற புலிகளையும் சிறுத்தைகளையும் வேட்டையாடிய நிகழ்வுகளை ஆங்கிலத்தில் நூல்களாக எழுதினார். இவரது வேட்டைகள் பலவற்றின் களம் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, தளி, அஞ்செட்டி ஆகிய பகுதிகளாகும். அக்காலத்தில் இவை சேலம் மாவட்டத்தில் இருந்தன.

வாழ்க்கைக் குறிப்பு

ஆண்டர்சன் ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். இவரது குடும்பம் ஸ்காட்லாந்தை மூலமாகக் கொண்டது. பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்து வந்தது. பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் பயின்றார். அஞ்சல் தந்தித் துறையில் பணியாற்றியபின், பெங்களூரில் இருந்த விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவு மேலாளரானார். கன்னடமும் தமிழும் பேசக்கூடியவர். ஆகவே எல்லைப்புறச் சிற்றூர் மக்களிடம் நேரடியாகச் செய்தி கேட்டறிய முடிந்தது. விலங்குகளின் தடம் காணுதல், குரல் அறிதல் போன்றவற்றில் காட்டுவாசிகளின் அறிவைப் பெரிதும் நம்பினார். இவரது நூல்களில் வரும் பைரா என்னும் பூசாரி இனத்தவர் அவர்களுள் முக்கியமானவர்.

வேட்டையும் இடையூறுகளும்

ஆண்டர்சன் பெரும்பாலும் வின்செஸ்டர் .405 வகைத் துப்பாக்கியைப் பயன்படுத்தினார். விலங்கு கொன்று விட்டுச்சென்ற இரையின் அருகே, மரத்தின்மேல் பரண் அமைத்து இரவு முழுவதும் காத்திருப்பது அக்கால வேட்டையின் வழக்கமாகும். துப்பாக்கிக் குழலுடன் டார்ச் விளக்கு ஒன்று பொருத்தப்படும். விலங்கு இரையை அணுகும் ஓசை கேட்ட பின்னரே விளக்கை எரியவிட வேண்டும்.

இம்முறையில் இயற்கையும் கருவியும் ஒருங்கே துணை செய்ய வேண்டியிருந்தது. மேகம் நிலவை மறைத்தால் குறி தெரியாது. மழை பெய்தால் காலடித் தடமும் இரத்தத் துளிகளும் அழிந்துவிடும். காயமுற்ற விலங்கைத் தேடுவது மிகக் கடினமாகும். மழையின் ஓசையில் விலங்கு வரும் அரவமும் கேட்காது. மின்கலம் வலுவிழந்து விளக்கு மங்கினால் விலங்கு தப்பிவிடும். தப்பியது ஆட்கொல்லியாயின், வேட்டைக்காரரின் தோல்வி அடுத்த ஊரில் மற்றொருவரின் உயிரிழப்பாக முடியக்கூடும். தவறிய குண்டுகளையும் வீணான இரவுகளையும் ஆண்டர்சன் மறைக்காமல் எழுதியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

சிவனப்பள்ளியில் கால்நடைகளைக் கொன்றுவந்த கருஞ்சிறுத்தை இருளில் சற்றும் கண்ணுக்குப் புலப்படாததாக இருந்தது. காயமுற்று மறைந்த அதனை ஊர் நாய் ஒன்றின் மோப்பத் துணையுடன் பின்தொடர்ந்து கொன்றார். ஜவளகிரிப் பகுதியில் ஆட்கொல்லியாக மாறிய பெண்புலியை, ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பி வரவழைத்துச் சுட்டார். கும்மளாபுரம் சிறுத்தை 42 பேரைக் கொன்றதாக இவர் எழுதியுள்ளார். அதன் பாதத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் தைத்திருந்தன. இத்தகைய காயங்களால் வழக்கமான இரையைப் பிடிக்க இயலாத விலங்குகளே பெரும்பாலும் மனிதரைத் தாக்குகின்றன என்பது இவரது கருத்து.

அரசு ஆவணங்களின்படி 1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் இவர் சுட்டுள்ளார்.

நூல்கள்

* நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக் (1954)
* மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஜங்கிள் கில்லர்ஸ் (1957)
* தி பிளாக் பேந்தர் ஆஃப் சிவனிப்பள்ளி (1959)
* தி கால் ஆஃப் தி மேன்-ஈட்டர் (1961)
* திஸ் இஸ் தி ஜங்கிள் (1964)
* தி டைகர் ரோர்ஸ் (1967)
* டேல்ஸ் ஃப்ரம் தி இந்தியன் ஜங்கிள் (1970)
* ஜங்கிள்ஸ் லாங் அகோ (மறைவுக்குப்பின், 1976)

பிற்காலமும் மறைவும்

பிற்காலத்தில் ஆண்டர்சன் காட்டுயிர்ப் பாதுகாப்பை வலியுறுத்தினார். காடுகள் சுருங்குவதையும் புலிகள் குறைவதையும் தம் நூல்களில் கவலையுடன் பதிவு செய்தார். 1972 ஆம் ஆண்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயால் பெங்களூரில் காலமானார்.

ஓசூர் பின்னர் பெரிய தொழில் நகரமாக வளர்ந்தது. இவர் வேட்டையாடிய எல்லைப்புறக் காடுகளின் பெரும்பகுதி, காவிரி வடக்குக் காட்டுயிர் உய்விடமாகவும் (2014) காவிரி தெற்குக் காட்டுயிர் உய்விடமாகவும் (2022) அறிவிக்கப்பட்டுள்ளது.