முட்டாளுக்கு ஐந்து பெயர்: அகராதி எழுதியவர் நையாண்டிக் கதை எழுதியது ஏன்?

அகராதியில் ‘குரு’ என்ற சொல்லைத் தேடினால் ஆசிரியர், வழிகாட்டி என்று பொருள் இருக்கும். சரி, தன் கூட எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணத் தெரியாத குருவுக்கு என்ன பொருள் சொல்வது? சுமார் 300 வருடங்களுக்கு முன்பே அப்படி ஒரு குருவைத் தமிழில் நடமாட விட்டவர் வீரமாமுனிவர்.

யார் இவர்?

இத்தாலியில் 1680-ல் பிறந்தவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைத் துறவியான இவர் 1710-ல் இந்தியா வந்தார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். இதே மாவட்டத்தில் கீழவைப்பார், புன்னைக்காயல், மணப்பாடு என நீளும் முத்துக்குளித்துறையில், அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அதே சபைத் துறவிகள் தமிழ் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றீக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் அச்சேறியது.

அகராதியில் என்ன புதுமை?

அதுவரை சொற்பொருள் தெரிய நிகண்டுகள்தான் துணை. எல்லாம் செய்யுள், மனப்பாடம் செய்தாக வேண்டும். வீரமாமுனிவர் 1732-ல் முடித்த சதுரகராதியோ பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதி கொண்டது. சொற்கள் அகர வரிசையில் இருப்பதால் தேடி எடுப்பது சுலபம்.

அப்போ நையாண்டி எங்கே?

‘பரமார்த்த குருவின் கதை’யில். பேச்சுத் தமிழ் படிக்கும் துறவிகளுக்கான பாடமாகவும் அது பயன்பட்டது. அதில் குருவின் ஐந்து சீடர்களுக்குப் பெயர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஏறக்குறைய அகராதியின் ஒரே வரி, ஐந்து ஆட்களாக எழுந்து நடக்கிறது! ஆற்றைக் கடந்ததும் எண்ணுபவர் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஒருத்தரை ஆறு விழுங்கிவிட்டதென்று எல்லோரும் அழுவாங்க. பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பி வாங்குவாங்க.

இதில் மிலேச்சன் என்ற பெயரைக் கவனிக்கணும். வேற்று நாட்டாரை இகழும் வடசொல் அது. இத்தாலியிலிருந்து வந்தவருக்கே பொருந்தக்கூடிய வசவை அவரே தன் முட்டாள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

பிறகு என்ன ஆனது?

வீரமாமுனிவர் 1747-ல் காலமானார். கதை 1822-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. சொல்லுக்குப் பொருள் தருவது அகராதி. அந்தச் சொல்லுக்கு ஆள் தகுதியானவரா என்று சோதிப்பது நையாண்டி. அவர் ரெண்டையும் தமிழுக்குச் செய்தார்.