மொண்டிசோரி என்பது ஒரு பெண்ணின் பெயர்

எங்கள் கொடிகாமத்தில் முன்பள்ளியைப் பலரும் மொண்டிசோரி என்றே சொல்வார்கள். அது ஓர் இத்தாலியப் பெண் வைத்தியரின் பெயர் என்பதை உயர்தர வகுப்புக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். அதுவரை நான் நான்கு வயதுத் தம்பியின் கையை இறுகப் பிடித்து அகரம் எழுதப் பழக்கிக்கொண்டிருந்தேன். அவன் அழுவான், நான் விடமாட்டேன்.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். அவர் மருத்துவம் படிப்பதைத் தந்தை விரும்பவில்லை. உரோம் பல்கலைக்கழகத்தில், ஆண்களோடு நின்று பிரேதத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்றார்கள். எல்லோரும் போன பின்னர் தனியே இருந்து அந்தப் பாடத்தைப் படித்தார். 1896இல் வைத்தியரானார்.

முதலில் அவர் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடன் பணியாற்றினார். தொட்டும் எடுத்தும் பழகும் பொருட்களைக் கொடுத்தபோது அப்பிள்ளைகள் எழுதவும் வாசிக்கவும் கற்றனர். ஊரார் வியந்தனர். அவரோ, அப்படியானால் மற்றப் பிள்ளைகளைப் பாடசாலைகள் எங்கே தடுத்து வைத்திருக்கின்றன என்று யோசித்தார்.

1907 ஜனவரி 6ஆம் திகதி, உரோம் நகரின் வறிய பகுதியான சான் லொரென்சோவில், தொழிலாளரின் பிள்ளைகளுக்காகச் சிறுவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே மரக்கட்டையில் 10 குழிகளும் அவற்றில் பொருந்தும் 10 உருளைகளும் இருந்தன. ஒன்றை மாறிப் போட்டால் கடைசியில் ஓர் உருளைக்கு இடமிராது. பிழையை ஆசிரியர் சொல்லத் தேவையில்லை, பொருளே காட்டிக்கொடுக்கும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி சுற்றியிருந்தோர் பாடியதையும் கவனியாமல் நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்துகொண்டிருந்ததை மொண்டிசோரி பார்த்தார். பிள்ளைகளிடம் இவ்வளவு கவனம் உண்டு என்பதை அந்தச் சிறுமியிடமே அவர் கற்றார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிய பிள்ளைகள், வாசிக்க முன்னரே எழுதத் தொடங்கினர்.

அறிவை எவரும் பிள்ளைக்குள் ஊற்ற முடியாது, அனுபவத்தால் பிள்ளையே அதைக் கட்டியெழுப்புகிறது என்பதைக் கல்வியியலில் கட்டுருவாக்கவாதம் என்பர். அக்கொள்கைக்கு அடித்தளமிட்ட ஜீன் பியாஜே, சுவிற்சர்லாந்தின் மொண்டிசோரி சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர்.

முசோலினியின் ஆட்சியில் மொண்டிசோரியின் பாடசாலைகள் மூடப்பட்டன. 1939இல், 69ஆவது வயதில், மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். முதல் பயிற்சியிலேயே 300 பேருக்கு மேல் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று மரியோவைப் பிரித்தானிய அரசு தடுத்து வைத்தது. தாயின் 70ஆவது பிறந்தநாளில் அவர் விடுவிக்கப்பட்டார். அந்த வேதனையிலும் தாயின் பணி நிற்கவில்லை. கொடைக்கானலில் பிள்ளைகளுடன் செடிகளையும் சிற்றுயிர்களையும் கவனித்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தில் காலமானார்.

இதைப் படித்த பின் ஒரு தட்டில் மணலைப் பரப்பித் தம்பியின் முன் வைத்துவிட்டு, நான் தள்ளி இருந்தேன். அன்று அவன் அகரம் எழுதவில்லை. வட்டம் வட்டமாகக் கீறி, அழித்து, மீண்டும் கீறினான். அவன் கையைப் பிடிக்க வேண்டும்போல் எனக்கு இருந்தது; பிடிக்கவில்லை. நாலாம் நாள் சுழி ஒன்றைப் போட்டு, அதிலிருந்து ஒரு கோட்டை இழுத்துவிட்டு உம்மாவைக் கூப்பிட்டான். கோணலாகத்தான் இருந்தது. ஆனால் அது அவனுடைய அகரம்.

நானோ இன்னும் பரீட்சைக்காகப் பக்கம் பக்கமாக மனனம் செய்துகொண்டிருக்கிறேன். அவற்றில் என்னுடையது எவ்வளவு என்று இப்போது அடிக்கடி யோசிக்கிறேன்.