பத்தாயிரம் தலைமுறை ஆள நினைத்தவர்

உங்கள் பெட்டியில் உள்ள அளவுகோலும், பக்கத்துப் பையனின் அளவுகோலும் வேறு வேறு அளவில் இருந்தால் எப்படி இருக்கும்? கணக்கு ஆசிரியர் பாவம் என்ன செய்வார்! ஏறக்குறைய 2,250 ஆண்டுகளுக்கு முன்பு சீனாவில் அந்தக் குழப்பம்தான். அந்தப் பெரிய நிலம் ஏழு நாடுகளாகப் பிரிந்து கிடந்தது. நாட்டுக்கு நாடு படி வேறு, எடைக்கல் வேறு, காசு வேறு. எழுத்துகூட வேறு மாதிரி. போதாததற்கு ஓயாத போர்.

அந்த ஏழில், மேற்கே இருந்த நாட்டின் பெயர் சின். அதன் இளவரசர் ஒருவர், ஜாவோ என்ற எதிரி நாட்டில் பிணையாகத் தங்கியிருந்தார். அவருக்கு கி.மு. 259ல் ஒரு மகன் பிறந்தான். பெயர் ஜெங். எதிரி ஊரில் பிறந்த அந்தப் பிள்ளை, தந்தை இறந்ததும் 13 வயதில் சின் நாட்டு அரசனானான். எட்டாம் வகுப்பு படிக்கிற வயது! முதலில் பெரியவர்கள் ஆட்சியைக் கவனித்தார்கள். கி.மு. 238ல் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது.

சின் நாட்டில் சட்டம் மிகவும் கடுமை. அரசவைக்குள் யாரும் ஆயுதம் கொண்டுவரக் கூடாது. ஆயுதம் ஏந்திய காவலர்கள் படிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். அரசர் அழைக்காமல் ஏறினால் தண்டனை.

கி.மு. 227ல் என்ன நடந்தது தெரியுமா? ஜிங் கே என்பவன் தூதன் போல வந்தான். ஒரு நிலப்படச் சுருளை அரசர் முன் விரித்தான். சுருளின் கடைசியில் ஒரு குத்துவாள்! அவன் அரசரின் சட்டைக் கையைப் பிடித்துக் குத்தப் பாய்ந்தான். சட்டைக் கை கிழிந்தது. அரசர் தூணைச் சுற்றி ஓடினார். அவருடைய வாள் மிக நீளம். உறையிலிருந்து உருவ முடியவில்லை. கீழே நின்ற காவலர்களை அழைக்கவும் அந்த அவசரத்தில் தோன்றவில்லை. அழைக்காமல் அவர்கள் எப்படி ஏறுவார்கள்? அரண்மனை மருத்துவர்தான் கையிலிருந்த மருந்துப் பையைத் தூக்கி அவன்மேல் வீசினார். அந்த நொடியில் அரசர் வாளை முதுகுப் பக்கம் தள்ளி உருவிவிட்டார். பிழைத்தார். ஆனால், சட்டத்தை அவர் தளர்த்தவில்லை.

கி.மு. 230ல் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஆறு நாடுகளும் அவரிடம் வீழ்ந்தன. கி.மு. 221ல் சீனா முழுவதும் ஒரே குடையின்கீழ் வந்தது. அப்போது அவருக்கு 38 வயது. தமக்கு 'சின் ஷி ஹுவாங்' என்று பட்டம் சூட்டிக்கொண்டார். சின்னின் முதல் பேரரசர் என்று பொருள். தமக்குப் பின் வருகிறவர் இரண்டாம் பேரரசர், அடுத்தவர் மூன்றாம் பேரரசர் என்று பத்தாயிரம் தலைமுறைக்குத் தம் வம்சம் ஆள வேண்டும் என்றும் அறிவித்தார்.

அவர் செய்த நல்ல வேலைகளையும் சொல்ல வேண்டும். நாடெங்கும் ஒரே எடை, ஒரே அளவு, ஒரே எழுத்து. நடுவில் சதுர ஓட்டை போட்ட வட்டக் காசு ஒன்றே எங்கும் செல்லும். வண்டிச் சக்கரங்களின் இடைவெளியும் ஒன்றாக்கப்பட்டது. இதென்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? மண் பாதையில் மாட்டு வண்டி போய்ப் போய்ப் பள்ளம் விழுந்த தடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அகலம் பொருந்தாத வண்டி அந்தத் தடத்தில் இறங்கினால் அச்சு முறிந்துவிடும்!

வடக்கே எதிரிகளைத் தடுக்க நெடுஞ்சுவர் எழுப்பினார். மெங் தியென் என்ற தளபதியின்கீழ் 3 லட்சம் பேர் அங்கே இருந்தார்கள். சாலை, அரண்மனை, அவருக்கே ஒரு பெரிய கல்லறை என்று வேலைகள் பெருகின. எல்லாம் கட்டாய உழைப்பு. கி.மு. 213ல், மருத்துவம், விவசாயம் போன்ற சிலவற்றை விட்டுவிட்டு, மக்களிடம் இருந்த பழைய நூல்களை எரிக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு அறிஞர்கள் பலர் கொல்லப்பட்டனர். மூத்த மகன் ஃபூசு இது தவறு என்றார். அவரையும் வடக்கு எல்லைக்கு அனுப்பிவிட்டார்.

சாவுக்கு மட்டும் பேரரசர் பயந்தார். சாகா மருந்து தேடக் கடலில் ஆள் அனுப்பினார். மருந்து வரவில்லை. கி.மு. 210ல், சுற்றுப்பயணத்தின் நடுவில், மூடிய வண்டியோடு போன இடத்திலேயே இறந்தார். வயது 49.

உடன் இருந்த அமைச்சர் லீ ஸுவும், அதிகாரி ஜாவோ காவோவும் சாவை மறைத்தார்கள். வழக்கம்போல் வண்டிக்கு உணவு போனது. கோடைக்காலம், நாற்றம் எழுந்தது. உடனே உப்பு மீனைக் கூடவே ஏற்றிவரச் செய்தார்கள்! பேரரசரின் வண்டிக்குள் எட்டிப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஃபூசு உயிரை விட வேண்டும் என்று அப்பா பெயரிலேயே பொய்க் கடிதமும் போனது. விசாரித்துப் பார்க்கலாம் என்று மெங் தியென் தடுத்தார். ஃபூசு கேட்கவில்லை. அப்பாவின் கட்டளையைத் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லையே! பணிந்து உயிரை விட்டார். இளைய மகன் ஹூஹாய் இரண்டாம் பேரரசரானார்.

அடுத்த ஆண்டே மழை வந்தது. எல்லைக் காவலுக்கு அனுப்பப்பட்ட 900 பேர் வழியில் வெள்ளத்தில் சிக்கினார்கள். குறித்த நாளுக்குப் போய்ச் சேர முடியாது. தாமதித்தால் மரண தண்டனை என்கிறார் பழைய வரலாற்று ஆசிரியர் சிமா சியென். 1975ல் ஒரு கல்லறையில் கிடைத்த மூங்கில் ஏடுகளில், தாமதத்துக்கு அபராதம் மட்டுமே இருக்கிறது. எது உண்மையோ, தலை போகும் என்பதை அந்த 900 பேரும் உடனே நம்பினார்கள்! போனாலும் சாவு, எதிர்த்தாலும் சாவு என்று கூலி விவசாயி சென் ஷெங் அவர்களைத் திரட்டினார். கம்பும் கழியும்தான் ஆயுதம். ஊர் ஊராகத் தீ பரவியது.

இரண்டாம் பேரரசர் ஜாவோ காவோவின் சூழ்ச்சிக்குப் பலியானார். அடுத்து வந்தவர் 46 நாள்தான் இருந்தார். கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு, முத்திரையை லியூ பாங் என்ற கலகத் தலைவரிடம் ஒப்படைத்தார். அது கி.மு. 206. பத்தாயிரம் தலைமுறை எங்கே, 15 ஆண்டு எங்கே! லியூ பாங் தொடங்கிய ஹான் வம்சம் 400 ஆண்டு ஆண்டது. அவர்களும் அதே எழுத்து, அதே அளவுகளைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

1974ல் ஷியான் நகருக்கு அருகே விவசாயிகள் கிணறு தோண்டினார்கள். மண்ணுக்கடியில் சுடுமண் வீரர்கள் நின்றிருந்தார்கள். ஆள் உயரம், முகங்கள் வேறு வேறு. சுமார் 8,000 பேர் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, மேட்டுக்கு அடியில் இருக்கும் பேரரசரின் கல்லறையை இன்னும் யாரும் திறக்கவில்லை.