டி. எஸ். சேனாநாயக்கவும் பாதுகாப்பு உடன்படிக்கையும்

மாணவர்களே, டி. எஸ். சேனாநாயக்க பற்றிக் கேட்டால் சுதந்திரம், விவசாயம் என இரண்டு வரிகளுடன் நிறுத்திவிடுகிறீர்கள். பிரித்தானியாவுடன் அவர் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையை எழுதுவோர் குறைவு. எழுதுவோரிலும் பலர் 1948 என்கின்றனர். அது 1947 நவம்பர் 11 இல், அதாவது சுதந்திரத்திற்கு முன்னரே, கைச்சாத்திடப்பட்டது.

1884 இல் போத்தலைக் கிராமத்தில் பிறந்த இவர், 1915 கலவரத்தின்போது சகோதரர்களுடன் சிறை சென்றார். 1931 இல் விவசாய, காணி அமைச்சரானார். 1947 செப்டெம்பரில் பிரதமரானபோது பாதுகாப்பையும் வெளிவிவகாரத்தையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். இதனைக் கவனியுங்கள்.

ஏன் இந்த உடன்படிக்கை? 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்தன. இலங்கைக்குச் சொல்லத்தக்க படை இல்லை. சுதந்திரமடைந்த பெரிய அயல்நாடான இந்தியா குறித்தும் அவருக்கு அச்சம் இருந்தது. பிரித்தானியாவோ இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது. இந்து சமுத்திரக் கடற்பாதையைக் காக்க அதற்குத் திருகோணமலைத் துறைமுகம் தேவைப்பட்டது. இவ்வாறு பாராளுமன்ற ஆட்சியுடைய இரு நாடுகளின் தேவைகளும் ஒன்றுசேர்ந்தன. வெளித்தாக்குதல் வந்தால் பிரித்தானியா உதவும். இலங்கை தளங்களை வழங்கும். கால எல்லை குறிப்பிடப்படவில்லை.

இடதுசாரிகள் இதனைப் போலிச் சுதந்திரம் என்றனர். சோவியத் ஒன்றியமும் அதே காரணத்தைக் காட்டி வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தியது. எனவே 1955 டிசெம்பர் வரை இலங்கையால் ஐ.நா. சபையில் அங்கத்துவம் பெற முடியவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியா பற்றிய அச்சம் தோட்டங்களிலும் எதிரொலித்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது, பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் உதவின. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. பசறைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த உங்கள் பூட்டன், பூட்டிமாரும் அவர்களுள் இருந்திருக்கலாம். நாட்டைக் காப்பதாகக் கூறிய தலைவர், அந்த நாட்டுக்கு உழைத்தவர்களையே வெளியே நிறுத்தினார் என்பது என் கருத்து. விடையில் அவரது கல்லோயாத் திட்டத்தையும் இதனையும் சேர்த்தே எழுதுங்கள்.

1952 மார்ச் 21 இல் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து, மறுநாள் காலமானார். தளங்களை 1957 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க மீளப் பெற்றார். பிரசாவுரிமைப் பிரச்சினையோ 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது.