சாண்டோ: எளியோர்க்குக் கதவு திறந்த பலசாலி

பலசாலிகளின் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் வியப்போடு புத்தகத்தை மூடி வைத்துவிடுவர். வியப்பு நல்ல உணர்ச்சிதான். ஆனால் படித்தவனை இருந்த இடத்திலேயே இருத்திவிடும் வியப்பினால் பயன் என்ன? மார்பால் சங்கிலியை அறுத்தவன் கதையைக் கேட்டு, நம்மால் ஆகுமா என்று பெருமூச்சு விட்டு எழுந்து போவதற்கு ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டியதில்லை.

இங்கே நாம் காணப்போகும் யூஜின் சாண்டோவும் சங்கிலியை அறுத்தவர்தாம். ஆயினும் அவருடைய உண்மையான பெருமை அதில் இல்லை. ஒருநாளும் எடை தூக்கியறியாத மெலிந்த மனிதனும் வெட்கமின்றி உடற்பயிற்சிக் கூடத்துள் நுழையலாம் என்ற எண்ணத்தை ஊரறியச் செய்ததில்தான் அது இருக்கிறது.

அவர் பெயர் நமக்குப் புதிதன்று. கையில்லாத பனியனைச் சாண்டோ பனியன் என்கிறோம். திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் சாண்டோவும் இவரிடமிருந்து வந்ததே. கட்டுடல் கொண்டவனுக்கு நாடெங்கும் பட்டமாகிவிட்ட அந்தச் சொல்லுக்குப் பின்னே ஒரு மனிதர் இருந்தார் என்பதைத்தான் பலர் அறியோம்.

பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பர்க் நகரில் 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் அவர் பிறந்தார். அந்நகர் இன்று ருஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். இளமையில் தாம் மெலிந்த, நலிந்த பிள்ளையாக இருந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தந்தையோடு இத்தாலிக்குப் போனபோது அங்கே பழங்காலத்து வீரர்களின் சிலைகளைக் கண்டாராம். இப்படிப்பட்ட உடல் இக்காலத்து மனிதனுக்கு ஏன் இல்லை என்று தந்தையைக் கேட்டாராம். உடலுழைப்பு குறைந்ததே காரணம் என்பது தந்தையின் கருத்து. இக்கதையில் கற்பனை கலந்திருக்கக் கூடும் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் ஐயுறுகின்றனர். இருக்கட்டும். உலகப் புகழ் பெற்ற பலசாலி ஒருவர், தாம் பலவீனனாகத் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்வதில் பெருமை கண்டார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

கட்டாய இராணுவச் சேவைக்கு உட்பட விரும்பாமல் வாலிபப் பருவத்திலேயே ஊரைவிட்டு வெளியேறினார். சர்க்கஸில் வேலை செய்தார். பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் அட்டிலா என்ற பெயரால் அறியப்பட்ட லூயி டுர்லாக்கரிடம் மாணவராகச் சேர்ந்தார். கனத்த எடைகளைத் தூக்கும் முறையை அங்கேதான் கற்றார். தம் முல்லர் என்ற பெயரைக் களைந்து சாண்டோ ஆனார்.

அக்காலத்தில் இலண்டன் மாநகரில் சாம்சன் என்றொருவர் தம்மை உலகின் மிகப் பெரிய பலசாலி என்று விளம்பரம் செய்து கொண்டிருந்தார். தம்மை வெல்பவர்க்கு 500 பவுன் பரிசு என்று அறைகூவலும் விடுத்திருந்தார். 1889-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் ராயல் அக்வேரியம் அரங்கில், நிறைந்த கூட்டத்தின் முன்னே சாண்டோ அவரை வென்றார். அந்த ஒரே இரவில் அவர் பெயர் ஊரெங்கும் பரவியது. 1893-இல் அமெரிக்கா சென்றார். சிகாகோ உலகக் கண்காட்சியின் நாள்களில் ஜீக்பெல்ட் என்ற நாடக முதலாளி அவரை மேடையேற்றினார். மக்கள் எடையைப் பார்ப்பதைவிட உடலையே பார்க்கிறார்கள் என்பதை அந்த முதலாளி விரைவில் கண்டுகொண்டார். அவ்வாண்டிலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சித் துறையை நடத்திவந்த டட்லி சார்ஜென்ட் அவர் உடலை முறையாக அளந்து ஆராய்ந்தார். 1894-இல் எடிசனின் நிலையத்தில் அவர் தசைகளை அசைத்துக் காட்டியது படமாக்கப்பட்டது. திரைப்படக் கலையின் தொட்டில் பருவத்துப் படங்களுள் அதுவும் ஒன்று.

இத்துடன் நின்றிருந்தால் சாண்டோ ஒரு வேடிக்கை மனிதராகவே மறைந்திருப்பார். ஆனால் மேடைக்கு எதிரே அமர்ந்திருந்த மக்களை அவர் கவனித்தார். எழுத்தர்கள், கணக்கர்கள், கடைச் சிப்பந்திகள், மாணவர்கள்: நாளெல்லாம் நாற்காலியில் கூனி உட்கார்ந்திருப்பவர்கள். கைதட்டியபின் அவர்கள் வீடு திரும்பி என்ன செய்வார்கள்? கண்ணாடி முன் நின்று தம் உடலைக் கண்டு வெட்கப்படுவார்கள். அந்த வெட்கம் ஒருவனைப் பயிற்சிக்கு அனுப்பவும் கூடும். பயிற்சிக் கூடத்தின் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பவும் கூடும். பெரும்பாலும் நடப்பது இரண்டாவதே.

1897-இல் இலண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் அவர் தம் உடற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். அவ்வாண்டே வலிமையும் அதைப் பெறும் வழியும் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஒரு மாத இதழும் தோன்றியது. தபால் வழியாகவும் பயிற்சி தந்தார். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை மூன்று எளிய கருத்துகள்.

முதலாவது, அளவு. கழுத்து, மார்பு, புயம், இடை, தொடை ஆகியவற்றைப் பயிற்சி தொடங்கும்போதே அளந்து எழுதிவைக்க வேண்டும். சில மாதங்கள் சென்றபின் மீண்டும் அளக்க வேண்டும். நேற்றைய நானும் இன்றைய நானும் மட்டுமே போட்டியாளர்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு அந்த ஏட்டில் இடமே இல்லை. இரண்டாவது, இலேசான தொடக்கம். சில பவுண்டு எடையுள்ள சிறு டம்பெல்களையே அவர் கையில் கொடுத்தார். எத்தனை முறை தூக்குவது என்பதை வயதுக்கேற்பப் பட்டியலிட்டு, சில நாள்களுக்கொரு முறை ஒன்று கூட்டச் சொன்னார். மூன்றாவது, மனம். கை தானே ஆடிக்கொண்டிருக்கச் சிந்தை எங்கோ திரிந்தால் பயனில்லை. எந்தத் தசை வேலை செய்கிறதோ அதன்மேல் கருத்து நிற்க வேண்டும் என்றார். பிறர் என்ன நினைக்கிறார்கள் என்று அஞ்சுவோனுக்கு இதைவிடச் சிறந்த மருந்து உண்டா? தன் தசையை நினைப்பவனுக்கு அயலான் பார்வையை நினைக்க நேரமில்லை.

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஒரு பெரும் போட்டியை நடத்தினார். மாவட்டந்தோறும் நடந்த போட்டிகளில் தேர்ந்த அவருடைய மாணவர்களே அதில் கலந்துகொண்டனர். சிற்பி சார்லஸ் லாஸ், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் ஆகிய இருவரோடு சாண்டோவும் நடுவராக இருந்தார். மிகப் பருத்த தசைக்குப் பரிசு என்று அவர்கள் வைக்கவில்லை. உடலின் எல்லாப் பகுதிகளும் ஒத்து வளர்ந்துள்ளனவா, பொதுவான உடல்நலம் எப்படி, தோலின் நிலை எப்படி என்றெல்லாம் பார்த்தனர். நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே முதற்பரிசு பெற்றார். கானன் டாயிலும் சாண்டோவிடம் பயின்றவரே. பேனா பிடிப்பவனும் டம்பெல் பிடிக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1904, 1905-ஆம் ஆண்டுகளில் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். இங்கே உடற்பயிற்சிக்குப் பஞ்சமில்லை. வடக்கே அக்காடாக்களும் பயில்வான்களும் இருந்தனர். நம் சிற்றூர்களில் கர்லாக்கட்டையும் தண்டாலும் இருந்தன. வாலிபன் தூக்கித் தன் வலிமையை ஊரறியக் காட்டும் இளவட்டக்கல்லும் இருந்தது. எனினும் இளவட்டக்கல் ஒரே எடை உடையது. தூக்கினால் வீரன், தூக்காவிட்டால் ஊரார் நகைப்பு. அரை இளவட்டக்கல், கால் இளவட்டக்கல் என்று யாரும் செதுக்கி வைக்கவில்லை. சாண்டோ முறை கல்லைப் பல சிறு படிகளாக உடைத்துக் கொடுத்தது என்று சொல்லலாம்.

அவருடைய குறைகளையும் மறைத்தலாகாது. அவர் கைதேர்ந்த வணிகர். இலேசான டம்பெல்லும் தாம் விற்ற சுருள்வில் கருவியுமே தம்மைப் போன்ற உடலைத் தந்துவிடும் என்ற எண்ணத்தை மக்களிடம் வளரவிட்டார். அவருடைய சொந்த உடல் அட்டிலாவிடம் தூக்கிய கனத்த எடைகளால் உருவானது. இலேசான எடை வாசற்படியே அன்றி வீடு ஆகாது. படிப்படியாகப் பாரத்தைக் கூட்டினாலன்றித் தசை வளராது. 1945-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் டிலார்ம், காயமுற்ற வீரர்களின் சிகிச்சையில் இம்முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். இன்னொரு குறை இதனினும் பெரிது. 1901-இல் சாண்டோவின் உடலை வார்ப்பெடுத்து, ஐரோப்பிய இனத்தின் முழுமைக்கு எடுத்துக்காட்டாக இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தனர். ஒருவன் தன்னைத் தானே அளந்துகொள்ளப் பயன்பட்ட நாடா, இனத்துக்கு இனம் உயர்வு தாழ்வு காட்டும் கோலாகவும் மாறியது. அந்த வார்ப்பு பின்னர் காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. அது நிலைக்காமற் போனது நன்றே.

1911-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தம் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். அவர் தொடங்கிய கோகோ வாணிகம் முதல் உலகப் போரின்போது நொடித்தது. 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் தமது 58-ஆம் வயதில் மறைந்தார். உலகமே உற்று நோக்கிய அந்த உடல் பெயர்க்கல் கூட இன்றிப் பட்னி வேல் இடுகாட்டில் பல்லாண்டு கிடந்தது. இந்த நூற்றாண்டில்தான் அங்கே கல் நாட்டினர். ஆனால் 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வெல்வோர்க்குத் தரப்படுவது சாண்டோவின் உருவச்சிலையே. ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய யுலிஸிஸ் நாவலிலும் அவர் இருக்கிறார். அதன் நாயகன் புளூம், விட்டுப்போன சாண்டோ பயிற்சியை மீண்டும் தொடங்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறான். தொடங்கி, விட்டு, மீண்டும் தொடங்க எண்ணும் அந்தச் சாதாரண மனிதன் நம்முள் யாரில்லை?

சங்கத்து நண்பர்களே, ஊர்விட்டு வந்து வேற்றுமொழி நடுவே படிக்கும் நமக்குக் கூச்சம் இரு மடங்கு. விடுதி ஜிம்மின் வாசலில் நின்று, உள்ளே கண்ணாடிகளையும் பருத்த தோள்களையும் கண்டு, இன்னும் எத்தனை செட் பாக்கி என்று இந்தியில் கேட்கத் தெரியாமல் திரும்பியவர் நம்மில் பலர். படிப்பு முடிந்தால் போவோம் என்று தள்ளிப்போட்ட உடம்பு அதற்குள் முதுகு வலியோடு முதுமைக்குத் தயாராகிவிடும்.

விஞ்ஞானம் நமக்கு ஓர் ஆறுதல் சொல்லுகிறது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் வலிமை கூடுவது பெரும்பாலும் தசை பருப்பதால் அன்று. நரம்பு மண்டலம் இருக்கும் தசையிழைகளையே மேலும் நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால்தான். ஆகவே கண்ணாடியில் மாற்றம் தெரியாத அந்நாள்களிலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. நேற்று எட்டு முறை தூக்கியது இன்று ஒன்பதானால் அதற்கு ஏட்டுக் குறிப்பே சாட்சி.

கூட்டம் குறைந்த நேரம் பார்த்து இருவராகப் போங்கள். அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டு செல்லுங்கள். பயிற்றுநரிடம் முதலில் முறையைக் கேளுங்கள். எடையைப் பின்னர்க் கேளுங்கள். அடுக்கின் கடைசியில் கிடக்கும் மிகச் சிறிய டம்பெல்லை எடுக்கக் கூசாதீர்கள். சங்கிலி அறுத்த சாண்டோ தம் மாணவர் கையில் முதலில் வைத்தது அதைத்தான்.