விமானிகளுக்குச் சங்கம் கட்டிய டேவிட் பென்கே: யார் இவர்?

ஆபீஸில் ஆட்குறைப்பு என்று பேச்சு கிளம்பினால் முதலில் வரும் கேள்வி, லிஸ்ட்ல யார் பேர் இருக்கு என்பதுதான். பல இடங்களில் அதை முடிவு செய்வது மேனேஜர். அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு விமானிக்கும் ஒரு சீனியாரிட்டி எண் உண்டு. தொழில் படுத்தால், கடைசியாகச் சேர்ந்தவருக்குத்தான் முதலில் சம்பளமில்லாத கட்டாய விடுப்பு. முதலாளிக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பேச்சே கிடையாது.

இப்படி எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கும் பழக்கத்தை விமானிகளிடம் ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமானவர் டேவிட் பென்கே.

ரகசியமாகப் பிறந்த சங்கம்

1897-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர் பென்கே. ராணுவத்தில் விமானம் ஓட்டிப் பழகி, பிறகு தபால் விமானங்களுக்கும் பயணிகள் விமானங்களுக்கும் வந்தார். 1929-ல் பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது. வேலைக்கு வரிசையில் நிற்கும் விமானிகள் ஏராளம் என்பதால் நிறுவனங்கள் சம்பளத்தில் கை வைத்தன. சங்கம் என்று வாய் திறந்தாலே வேலை போகும் நிலை. அதனால் ரகசியமாகவே ஆள் சேர்த்தார் பென்கே. 1931 ஜூலையில் சிகாகோவில் விமானிகள் சங்கம் உருவானது. தலைவர் அவர்தான்.

350 டாலர் 150 ஆனது

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. செஞ்சுரி ஏர்லைன்ஸ் முதலாளி ஈ.எல். கார்ட், மாதம் 350 டாலராக இருந்த சம்பளத்தை 150 டாலராகக் குறைத்தார். 1932 பிப்ரவரியில் விமானிகள் மறுத்து வெளியே நின்றார்கள். மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்குத் தபால் ஒப்பந்தம் எடுக்க வேண்டும் என்பது கார்டின் கணக்கு. அந்த ஒப்பந்தத்தைக் கொடுப்பது அரசு. பென்கே பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். நேராக வாஷிங்டன் போய் எம்.பி.க்களிடம் பேசினார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை; சில மாதங்களிலேயே கார்ட் நிறுவனத்தை விற்றுவிட்டார்.

85 மணி நேரக் கணக்கு

1933-ல் பெரிய நிறுவனங்கள் மணிக்கணக்கில் மட்டும் சம்பளம் தரப் பார்த்தன. கேட்பதற்கு நியாயம்போலத் தெரியும். ஆனால் புதிய விமானங்கள் வேகமானவை. அதே தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடந்தால் லாபம் நிறுவனத்துக்கு, நஷ்டம் விமானிக்கு. நாடு தழுவிய வேலைநிறுத்தம் என்று எச்சரித்தார் பென்கே. விவகாரம் தேசியத் தொழிலாளர் வாரியத்துக்குப் போனது. 1934 மே மாதம் வந்த 83-ம் எண் தீர்ப்பில் வேகத்துக்கும் தூரத்துக்கும் சம்பளம் உண்டு. மாதம் அதிகபட்சம் 85 மணி நேரமே பறக்கலாம். இந்த உச்சவரம்பு களைப்பிலிருந்து மட்டும் காக்கவில்லை. சிலரையே கசக்கிப் பிழிந்துவிட்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவதும் கஷ்டமானது.

அதே ஆண்டு டிசம்பரில் பென்கே ஓட்டிய விமானம் கார்புரேட்டரில் பனி உறைந்து சிகாகோ அருகே விழுந்தது. காயத்தோடு பிழைத்தவர், பிறகு முழுநேரச் சங்கத் தலைவரானார். 1939-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

தலைவருக்கும் அதே விதி

1948-ல் நேஷனல் ஏர்லைன்ஸ் வேலைநிறுத்தம் சுமார் 10 மாதம் இழுத்தது. வெளியே நின்றவர்களின் இடத்தில் நிறுவனம் புதியவர்களை அமர்த்தியது. அதற்குள் சங்கமும் வளர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் தானே பார்க்கும் பென்கேயின் பாணி இளைய விமானிகளுக்கு ஒத்துவரவில்லை. 1951-ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஏற்க மறுத்து கோர்ட்டுக்குப் போனார். பதவி திரும்பவில்லை. 1953-ல் காலமானார்.

இன்றும் முடியாத விவாதம்

சீனியாரிட்டியிலும் சிக்கல் உண்டு. கம்பெனி மாறினால் 20 வருட அனுபவசாலியும் புது லிஸ்ட்டின் அடியில்தான் நிற்க வேண்டும். அடி ஒவ்வொரு முறையும் ஜூனியர் மேல்தான் விழும். எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதா, கடைசியில் வந்தவர்களை அனுப்புவதா? 2020 கொரோனா காலத்தில் டெல்டா விமானிகள் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். உத்தரவாதமான சம்பள நேரத்தை எல்லோரும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஜூனியர்களின் வேலையைக் காப்பாற்றினார்கள். முதலாளி தனியாக எடுத்த முடிவல்ல அது. பென்கே ஆரம்பித்த அதே சங்கம் மேஜையில் உட்கார்ந்து பேசி, விமானிகள் ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு.