குருதத்: படத்துக்கு வெளியே இருந்த மனிதர்

குருதத் என்ற பெயரை எங்கள் பிள்ளைகளில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வீட்டில் உம்மும்மா இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய படப் பாட்டு ஒன்றையாவது முணுமுணுப்பார். ஹிந்தி தெரியாத எங்கள் ஊர்களுக்கு அந்தப் பாட்டுகள் எப்படி வந்தன என்பதே ஒரு கதை. 1952ஆம் ஆண்டளவில் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த கேஸ்கர், சினிமாப் பாட்டுகளைத் தங்கள் அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கி வைத்தார். கொழும்பில் இருந்த இலங்கை வானொலி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவுசெய்த பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சி விமானத்தில் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து முழு இந்தியாவுக்கும் திரும்பிப் போனது. போகிற வழியில் செங்கலடிக்கும் கேட்டது. என் அம்மாவுக்கு ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் நெல்லுப் புடைக்கும்போது அவர் முனகிய இராகங்களில் சில கீதா தத் பாடியவை என்று பின்னாளில்தான் எனக்கு விளங்கியது.

கீதா தத், குருதத்தின் மனைவி. இந்தக் கட்டுரை குருதத்தைப் பற்றியதுதான். ஆனால் அவருடைய கதையை எங்கே தொட்டாலும் கீதாவில்தான் வந்து முட்டுகிறது.

குருதத்தின் வாழ்க்கையை நான் முழுதாக அறிந்தது ஒரு தொலைக்காட்சி விவரணப்படத்தின் மூலம். சனல் 4 என்றதும் எங்கள் நாட்டில் வேறு விடயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். 1989ஆம் ஆண்டு அதே பிரித்தானிய அலைவரிசைக்காக, ஹைதராபாத்தில் பிறந்து லண்டனில் வாழும் நஸ்ரின் முன்னி கபீர் என்ற பெண் மூன்று பகுதிகளில் குருதத்தைத் தேடி ஒரு படம் எடுத்தார். அப்போது குருதத் இறந்து 25 ஆண்டுகள். அவரோடு வேலை செய்தவர்களும் கூடப் பிறந்தவர்களும் இன்னும் உயிரோடு இருந்தார்கள். நஸ்ரின் அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய் உட்காரவைத்துக் கேட்டார்.

அந்தப் படத்தைப் பற்றி நான் ஒருமுறை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை எழும்பி, இறந்துபோன ஒருவரின் குடும்ப விடயத்தை இப்படித் தோண்டுவது புறம் பேசுவது ஆகாதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

குருதத் 1925 ஜூலை 9ஆம் திகதி பெங்களூரில் பிறந்தார். வைத்த பெயர் வசந்தகுமார் சிவசங்கர் படுகோன். கொங்கணி பேசும் குடும்பம். சிறுவயதில் நேர்ந்த ஒரு கண்டத்துக்குப் பிறகு பெயரைக் குருதத்த என்று மாற்றினார்கள். வளர்ந்தது கல்கத்தாவில். தகப்பன் பர்மா ஷெல் கம்பெனியில் குமாஸ்தா. எழுத ஆசைப்பட்டு எழுதாமலே போன மனிதர். தாய் வசந்தி பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியதோடு, வங்காளி நாவல்களைக் கன்னடத்துக்கும் பெயர்த்தார். வீட்டில் பணம் இல்லை. பின்னேரம் பாட்டி விளக்கேற்றியதும் அந்த வெளிச்சத்தில் கைவிரல்களை மடித்துச் சுவரில் நிழல் உருவங்கள் காட்டுவது சிறுவனின் பொழுதுபோக்கு. ஒளியையும் நிழலையும் அவரைப்போல் கையாண்ட இந்திய இயக்குநர்கள் மிகச் சிலர். அதற்கு அந்தச் சுவர்தான் பள்ளிக்கூடம் என்று நான் நினைக்கிறேன்.

காசில்லாததால் கல்லூரிக்குப் போகவில்லை. அல்மோராவில் உதயசங்கர் நடத்திய கலை நிலையத்தில் நடனம் படித்தார். போர்க்காலத்தில், 1944இல், அது மூடப்பட்டது. கொஞ்ச நாள் கல்கத்தாவில் தொலைபேசி இயக்குநராகவும் வேலை பார்த்தார். பிறகு பூனாவில் பிரபாத் திரைப்பட நிறுவனம். அங்கே சலவைக்காரர் சட்டையை மாற்றிக் கொடுத்ததால் தேவ் ஆனந்தோடு சினேகம் உண்டானது. யார் முதலில் முன்னுக்கு வந்தாலும் மற்றவரைக் கைதூக்கிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். தேவ் ஆனந்த் சொல் தவறவில்லை. 1951இல் தன் சொந்த நிறுவனத்தின் ‘பாஸி’ படத்தை இயக்கும் பொறுப்பைக் குருதத்திடம் கொடுத்தார்.

அந்தப் படத்தின் பாட்டுப் பதிவில்தான் கீதா ரோயைச் சந்தித்தார். கீதா இன்றைய பங்களாதேஷில் உள்ள பரீத்பூர்ப் பக்கம், ஜமீன்தார் குடும்பத்தில் 1930இல் பிறந்தவர். 1947இல் ‘தோ பாய்’ படத்தில் பாடிப் புகழ் பெற்றுவிட்டார். குருதத்தைச் சந்தித்தபோது அவருக்கு 20 வயதுதான். பெயரும் பணமும் கீதாவிடம்தான் இருந்தன. இவர் முதல் படம் எடுக்கும் புதியவர். அத்தனை பெரிய பாடகி காரில் வந்து இறங்கி, தங்கள் சின்ன வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மரக்கறி வெட்டிக் கொடுத்ததை குருதத்தின் தங்கை லலிதா லாஜ்மி நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் இடையில் கடிதம் கொண்டுபோனதும் லலிதாதான். 1953 மே 26ஆம் திகதி கல்யாணம் நடந்தது. தருண், அருண், நீனா என்று மூன்று பிள்ளைகள்.

அதற்குப் பிறகு வந்த படங்களை இங்கே வரிசைப்படுத்தப் போவதில்லை. ‘ஆர் பார்’, ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55’ போன்றவை சிரிக்கவைத்துப் பணம் கொண்டுவந்தன. ஜொனி வோக்கர் என்று பெயர் பெற்ற பகிடி நடிகர் பத்ருத்தீன் காஸி, பம்பாய் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். அந்தப் பெயரை வைத்தது குருதத். குடிகாரனாக நடித்தே பேர் வாங்கிய அவர் வாழ்க்கையில் மதுவைத் தொட்டதில்லை.

1957இல் ‘பியாஸா’ வந்தது. உயிரோடு இருக்கும்போது யாரும் மதிக்காத ஒரு கவிஞனை, இறந்துவிட்டான் என்று நம்பியதும் ஊரே கொண்டாடுகிற கதை. அமெரிக்காவின் டைம் சஞ்சிகை 2005இல் தெரிவுசெய்த உலகின் 100 சிறந்த படங்களில் அதுவும் ஒன்று. 1959இல் ‘காகஸ் கே பூல்’. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். அது படுதோல்வி அடைந்தது. அதன்பின் எந்தப் படத்துக்கும் இயக்குநர் என்று அவர் தன் பெயரைப் போடவில்லை. அதே படத்தை 1980களில் ஐரோப்பாவில் தேடித் தேடிப் பார்த்தார்கள். பியாஸாவின் கவிஞனுக்கு நடந்தது அவருக்கும் நடந்தது.

அந்தத் தோல்விப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. வெறிச்சோடிய ஸ்டூடியோ. கூரையிலிருந்து சாய்வாக இறங்குகிற ஒரு வெளிச்சக் கற்றை. அதன் இரு பக்கமும் சொல்ல முடியாத அன்போடு நிற்கும் ஆணும் பெண்ணும். ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி, பெரிய கண்ணாடிகளால் வெளியே இருந்த வெயிலை மடக்கி உள்ளே விழுத்தி அதை எடுத்தார். மின்விளக்கால் அப்படியொரு கற்றையைக் கொண்டுவர முடியாது. நிற்கும் ஆண் குருதத். பெண் வஹீதா ரஹ்மான். பின்னால் ஒலிக்கும் குரல் கீதாவுடையது. கணவனுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நேசம் என்று பம்பாயே பேசிக்கொண்டிருந்த நாளில், அந்தப் பெண்ணின் மனம் பேசுவதாக ஒலித்த பாட்டை மனைவியே பாடினார். பியாஸாவிலும் அப்படித்தான். நடிப்பவர் வஹீதா, பாடுபவர் கீதா.

இதை முதலில் கவனித்தபோது எனக்குக் குருதத் மீது கோபம் வந்தது. இப்போதும் முழுதாகப் போகவில்லை.

வஹீதா எங்கள் பிள்ளைகளுக்கு அறிமுகமாக வேண்டியவர். செங்கல்பட்டில் பிறந்த தக்காணி முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, பரதநாட்டியம் படித்தவர். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் ஆடியவர் அவர்தான். சிறுவயதில் தகப்பனை இழந்து சினிமாவுக்கு வந்தார். தெலுங்குப் படமொன்றின் பாட்டால் அவர் பேசப்பட்ட நேரத்தில் குருதத் அவரை ஹைதராபாத்தில் கண்டு பம்பாய்க்கு அழைத்தார். பெயரை மாற்ற வேண்டும் என்றார்கள். 18 வயது நிரம்பாத அந்தப் பிள்ளை, பெற்றோர் வைத்த பெயரை மாற்ற முடியாது என்று நின்றுவிட்டது. பிடிக்காத உடையை உடுக்க மாட்டேன் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. தாய் வந்துதான் கையொப்பம் போட்டார். நஸ்ரினின் படத்தில் வஹீதா பேசுகிறார். வேலையைப் பற்றி, ஒளி அமைப்பைப் பற்றி, குருதத் நடிப்புச் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பற்றி. மற்றதைப் பற்றிப் பேசவில்லை. நஸ்ரினும் அதை அப்படியே விடுகிறார். கேட்காமல் விட்டது பலவீனம் என்று சிலர் நினைக்கலாம். அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

குருதத்தை வில்லனாக்கவும் இல்லை, வலியாராக்கவும் இல்லை. எடுத்த காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்துத் தூக்கியெறிகிற மனிதர். தூக்கம் வராத மனிதர். கீதாவைக் கதாநாயகியாக வைத்துக் கல்கத்தாவில் ‘கௌரி’ என்ற படத்தைத் தொடங்கி, சில நாட்களில் கைவிட்டார். அது முடிந்திருந்தால் கீதா நடிகையாகவும் ஆகியிருப்பார். தன் நிறுவனத்துக்கு வெளியே மனைவி பாடுவதை அவர் விரும்பவில்லை என்று குடும்பத்தை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பியாஸாவில் பெண்ணின் துயரத்தை அத்தனை நுட்பமாகக் காட்டியவர் வீட்டில் அப்படி இருக்கவில்லை. பாலி ஹில்லில் இருந்த அழகான பங்களாவை ஒருநாள் இடித்துவிடச் சொன்னார். கீதாவுக்கு அந்த வீடு ஒருபோதும் பிடித்ததில்லை என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடிய வீடு.

1962இல் ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’ வந்தது. கணவனை வீட்டில் நிறுத்துவதற்காக அவனோடு சேர்ந்து குடிக்கத் தொடங்கி அழிந்துபோகும் ஜமீன் மருமகளாக மீனா குமாரி நடித்தார். அவருக்கும் பாட்டுக் குரல் கீதாதான். அந்த நேரத்தில் கீதாவும் குடிக்கு அடிமையாகிக்கொண்டிருந்தார். ஒலிவாங்கியின் முன்னே நின்று அந்தப் பாட்டைப் பாடியபோது அவர் என்ன நினைத்திருப்பார்? யாரும் கேட்டு வைக்கவில்லை.

குருதத் இரண்டு முறை தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தார். இரண்டாம் முறைக்குப் பிறகு குடும்பம் ஒரு மனநல மருத்துவரை அழைத்தது. ஆனால் அதைத் தொடரவில்லை. லலிதா முதுமையில் இதைச் சொன்னபோது அந்தக் காலத்தில் இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை என்றும் சொன்னார். பெற்றோர்களே, இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொருமுறை வாசியுங்கள். எங்கள் பக்கத்தில் எத்தனை வீடுகளில் மனச்சோர்வு என்பது பேய் என்றும் சோம்பல் என்றும் ஈமான் குறைவு என்றும் பெயர் மாற்றப்படுகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் செங்கலடியில் அதற்குச் செய்வினை என்று பெயர்.

1964 ஒக்டோபர் 10ஆம் திகதி காலை, பம்பாய் பெடர் வீதியில் தனியாக இருந்த வீட்டில் அவர் இறந்து கிடந்தார். வயது 39. அது விபத்தாகவும் இருக்கலாம் என்று மகன் அருண் சொல்லி வந்தார். முதல்நாள் இரவு மகளைப் பார்க்கக் கேட்டு கீதாவுக்குத் தொலைபேசி எடுத்தார், அவர் பிள்ளையை அனுப்ப மறுத்தார் என்ற கதை பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் பெரும்பாலும் குருதத்தின் நண்பர்கள். கீதாவின் பக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

நஸ்ரினின் படத்திலும் அந்தக் குறை இருக்கிறது. அது அவருடைய பிழை அல்ல. 1989இல் கீதா இறந்து 17 ஆண்டுகள் ஆகிவிட்டன. தம்பிமார், தங்கை, ஒளிப்பதிவாளர் மூர்த்தி, வசனம் எழுதிய அப்ரார் அல்வி எல்லோரும் முகத்தைக் காட்டி, தங்கள் பெயரில் பேசுகிறார்கள். கீதா பாட்டாக மட்டும் வந்து போகிறார். என் மாணவி கேட்ட கேள்விக்கு இங்கேதான் எனக்குப் பாதி விடை கிடைத்தது. புறம் பேசுகிறவர் முகத்தைக் காட்டுவதில்லை. தான் கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்வதில்லை. இந்தப் படத்தில் பேசுகிறவர்கள் அந்த இரண்டையும் செய்கிறார்கள். மீதிப் பாதிக்கு விடை என்னிடம் இல்லை. 2006இல் நஸ்ரின், குருதத் மனைவிக்கும் மகன்களுக்கும் எழுதிய கடிதங்களை நூலாக்கினார். அன்பும் ஏக்கமும் நிறைந்த கடிதங்கள். வாசிக்கும்போது, கதவு திறந்திருக்கிறது என்பதற்காக மற்றவர் வீட்டுக்குள் போய்விட்டேனோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று முடிவுகட்டியிருப்பேன்.

கணவர் இறந்த பிறகு கீதா மனம் உடைந்து கிடந்தார். கடன் வேறு. ஆனாலும் எழும்பினார். மேடைகளில் பாடினார். 1967இல் ஒரு வங்காளிப் படத்தில் நடித்தார். 1971இல் ‘அனுபவ்’ படத்துக்காக கனு ரோய் இசையில் பாடிய பாட்டுகள்தான் அவர் கடைசியாகப் பேசப்பட்டவை. ஈரல் கெட்டு உடல் ஓய்ந்த நிலையில் பாடியவை. குரலில் அது கொஞ்சமும் தெரியாது. 1972 ஜூலை 20ஆம் திகதி, 41 வயதில் இறந்தார். கடைசி மகள் நீனாவுக்கு அப்போது பத்து வயது.